தமிழை விடட்டுமா, வேலையை விடட்டுமா, வீட்டை விற்கட்டுமா?

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் வசிக்கும் 39 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் ஒரு வங்கியில் 13 ஆண்டுகளாக வேலை செய்கிறார். கணவருக்கு ஷிப்ட் வேலை. மகள் தொடக்கநிலை 5, மகன் ஐந்து வயது, முழுநாள் பாலர் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறான். மாமியாரும் உடன் இருக்கிறார். ஆண்டிறுதித் தேர்வில் மகள் தமிழில் 86, ஆங்கிலத்தில் 76, அறிவியலில் 67, கணிதத்தில் 48 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். சென்ற ஆண்டு கணிதத்தில் 66. ஜூலையிலிருந்து கணிதத்துக்கு இரண்டாவது டியூஷனும் சேர்த்தும் இந்த நிலை. அந்த டியூஷன் திங்கள், புதன் மாலைகளில். அதே நாள்களில் காலையில் எழுந்ததும் மகளுக்கு வயிற்றுவலி வருகிறது. கிளினிக்கில் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். தூங்க இரவு 11 ஆகிறது, காலை 5.45க்கு எழுந்துவிடுகிறாள்.

“அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு). நான் வேலையை விட்டுவிட்டு அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ராஜினாமா கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். ஆனால் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் கடைசியில் இருவரும் அழுகிறோம். தமிழிலிருந்து விலக்குக் கேட்டால் கணிதத்துக்கு நேரம் கிடைக்கும் என்று தோழி சொல்கிறாள். கணவரின் அண்ணன், எளிதான நிலையான அடிப்படைக் கணிதத்துக்கு மாற்றச் சொல்கிறார். பீஷானுக்கு வீடு மாறினால் நல்ல உயர்நிலைப் பள்ளி கிடைக்கும் என்று ஏஜண்ட் சொல்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். கணவரோ ‘நீ எது முடிவெடுத்தாலும் சரி’ என்கிறார். ஒருநாள் சண்டையில் மகள் ‘நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்றாள், கோபத்தில் சொல்லியிருப்பாள். சரியான முடிவு எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் வேலை, தமிழ், கணிதம், வீடு பற்றியவை. எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் நான் தொடங்க வேண்டிய இடம் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடம். “நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்று 11 வயதுப் பிள்ளை சொன்னது கோபத்தில் வந்த வார்த்தையாகவே இருக்கலாம். இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இன்றோ நாளையோ, படிப்புப் பேச்சு எதுவும் இல்லாத ஒரு நேரத்தில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். “அன்னைக்கு ஒண்ணு சொன்னியே, எனக்கு அது மனசுலயே நிக்குது. உயிரோட இருக்க வேணாம்னு உனக்கு எப்பவாவது தோணுதா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும். அவள் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள், “அப்படியெல்லாம் நினைக்கலாமா” என்று அதட்டாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள்.

“ஆமாம்” என்றோ தெளிவில்லாமலோ அவள் பதில் சொன்னால் அன்றே உதவி தேடுங்கள். மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் எண் 1767, அதுவும் 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்று தோன்றினால் 995. “சும்மா கோபத்துல சொன்னேன்மா” என்றாலும் பள்ளி ஆலோசகரிடம் இதைச் சொல்லி வையுங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேச சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கல் ஃபிரெண்ட் சேவை இருக்கிறது. அதன் எண் 1800 2744 788. அதை அவளுக்கு எழுதிக் கொடுங்கள். அம்மாவிடம் சொல்லத் தயங்குவதை வேறொரு பெரியவரிடம் பிள்ளை சொன்னால் அதில் உங்களுக்குக் குறைவு ஒன்றுமில்லை.

அந்த வயிற்றுவலி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக்கில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் அவள் நடிக்கிறாள் என்று அர்த்தமில்லை. மனத்தில் பதற்றம் ஏறினால் பிள்ளைகளுக்கு உண்மையாகவே வயிறு வலிக்கும். டியூஷன் இருக்கும் அதே இரண்டு நாள் காலையில் வலி வருகிறது என்பதை நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் மகளுக்கு ஏழு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. ஜூலையில் டியூஷன் கூடியது, தூக்கம் குறைந்தது, அக்டோபரில் மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது. இதில் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இன்னும் கூடுதல் கணிதம் கொடுப்பதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

மதிப்பெண்ணைச் சரியாகப் படிப்போம்

“இப்படியே போனால் இவளுக்கு ஒரு பள்ளியும் கிடைக்காது” என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் படித்த காலத்து டி-ஸ்கோர் கணக்கு இன்னும் நம் தலைமுறையின் மனத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடப்பட்டது. 2021 முதல் அது இல்லை. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல் எனப்படும் அடைவுநிலை, 1 முதல் 8 வரை. 90உம் அதற்கு மேலும் ஏஎல் 1, 85 முதல் 89 வரை 2, 80 முதல் 84 வரை 3, 75 முதல் 79 வரை 4, 65 முதல் 74 வரை 5, 45 முதல் 64 வரை 6, 20 முதல் 44 வரை 7, அதற்கும் கீழே 8. நான்கு பாடங்களையும் கூட்டினால் வருவதுதான் மொத்தம். 4 மிகச் சிறந்தது, 32 கடைசி.

உங்கள் மகளின் மதிப்பெண்களை இதில் பொருத்திப் பாருங்கள். தமிழ் ஏஎல் 2, ஆங்கிலம் 4, அறிவியல் 5, கணிதம் 6. மொத்தம் 17. மொத்தம் 20க்குள் இருக்கும் பிள்ளைகள் சேர்க்கைப் பிரிவுகள் மூன்றில் மேல் பிரிவான போஸ்டிங் குரூப் 3 வழியாக உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அதாவது இதே நிலையில் தேர்வு எழுதினாலும் அவள் அந்த எல்லைக்குள் வசதியாகவே இருப்பாள். பெயர் பெற்ற ஒரு சில பள்ளிகள் எட்டாமல் போகலாம், அது வேறு விஷயம். “ஒரு பள்ளியும் கிடைக்காது” என்பது உண்மையில்லை.

விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவினையும் இப்போது இல்லை. 2024ல் உயர்நிலை 1 சேர்ந்த மாணவர்களிலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று பிள்ளையின் திறனுக்கு ஏற்ற நிலையில் படிக்கலாம். ஒரு பாடத்தில் பின்தங்கினால் மற்ற எல்லாப் பாடங்களிலும் கீழே தள்ளப்படும் பழைய பயம் உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

கணவரின் அண்ணன் சொன்ன அடிப்படைக் கணிதம் பற்றி: சில பிள்ளைகளுக்கு அது நல்ல வழி. அதில் அவமானம் எதுவும் இல்லை, பள்ளியே அதைப் பரிந்துரைக்கும் பிள்ளைகளுக்கு அது மூச்சுவிட இடம் தருகிறது. ஆனால் அடிப்படைநிலைப் பாடத்தில் எடுக்கக்கூடிய மிக உயர்ந்த தரமே ஏஎல் 6க்குச் சமம். உங்கள் மகள் இப்போதே ஏஎல் 6ல்தான் இருக்கிறாள். பள்ளியும் மாற்றச் சொல்லவில்லை. அதனால் இந்த யோசனையை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். வீட்டில் எல்லாரும் கணிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அறிவியலில் அவள் 67, எல்லைக் கோடு 65. கணிதத்தில் 48லிருந்து 60க்கு ஏறினாலும் ஏஎல் மாறாது, ஆனால் அறிவியலில் மூன்று மதிப்பெண் குறைந்தால் மாறிவிடும். வகுப்பாசிரியரோடு பேசும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தமிழை விடுவது

உங்கள் தோழி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இது தவறான தகவலில் நிற்கிற யோசனை, அதோடு உங்கள் மகளுக்கு நேரடியாகக் கெடுதல் செய்யக்கூடியது.

தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்பது நேரம் மிச்சமாகும் என்று கேட்டால் தருவதில்லை. கற்றலில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து பாதியில் வந்து சேர்ந்த பிள்ளைகள் போன்றவர்களின் நிலையைப் பார்த்துத்தான் கல்வி அமைச்சு முடிவு செய்கிறது. அப்படியே விலக்குக் கிடைத்தாலும் அந்தப் பாடம் கணக்கிலிருந்து மறைந்துவிடாது. மற்ற மூன்று பாடங்களின் அடிப்படையில் தாய்மொழிக்கு ஏஎல் 6 முதல் 8க்குள் ஒரு தரத்தை அமைச்சே போட்டுவிடும். உங்கள் மகள் தமிழில் எடுத்திருப்பது ஏஎல் 2. அதைக் கொடுத்துவிட்டு 6 வாங்கினால் மொத்தம் 17லிருந்து 21 ஆகும். மற்ற பாடங்களில் ஒரு மதிப்பெண்கூடக் குறையாமலே இப்படி.

இது கணக்குப் பார்வை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பாட்டிக்குத் தினமும் கதை படித்துக் காட்டுவாள், பள்ளியின் கதைசொல்லும் போட்டியில் பரிசு வாங்கினாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். “நான் முட்டாளா அம்மா?” என்று கேட்கிற பிள்ளைக்கு, “எனக்கு இது வரும்” என்று நம்ப மிச்சமிருக்கும் இடம் தமிழ்தான். அதைப் போய்க் கணிதத்துக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். பாட்டிக்குக் கதை படிக்கும் அரை மணி நேரம் வீண்நேரம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நீங்கள் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

வேலையை விடுவது

சில தாய்மார்களுக்கு வேலையை விடுவது நல்ல முடிவாக அமைந்திருக்கிறது. வேண்டாம் என்று நான் பொதுவாகச் சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தில் இருக்கிற காரணத்துக்காக விடுவது சரியா என்பதுதான் கேள்வி. அது சரி என்று எனக்குத் தோன்றவில்லை.

கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் இருவரும் அழுகிறீர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். வேலையை விட்டால் நேரம் கூடும். ஆனால் அழுகையில் முடியும் அந்த ஒரு மணி நேரம் நான்கு மணி நேரமாகிவிட வாய்ப்பு இருக்கிறது. “உனக்காக வேலையை விட்டேன்” என்று நீங்கள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டீர்கள், தெரியும். சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைக்கே புரியும். ஒவ்வொரு பயிற்சித்தாளிலும் அம்மாவின் 13 ஆண்டு உழைப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு உட்காருவாள். ஏற்கெனவே தன்னைப் பாரம் என்று நினைக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளை அவள். நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

பணப் பக்கத்தையும் நிதானமாகப் பாருங்கள். வீட்டுக் கடனுக்கு உங்கள் மத்திய சேமநிதி (மசேநிதி) சாதாரணக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போகிறது என்கிறீர்கள். 55 வயதுக்குள் இருக்கும் ஊழியருக்கு மசேநிதியில் ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு. வேலையை விட்ட மாதத்தோடு இரண்டும் நிற்கும், கடன் தவணை நிற்காது. நிறுவனக் காப்பீடு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருந்தால் அதுவும் போகும். மகனின் பராமரிப்பு நிலையக் கட்டணத்தில் வேலைக்குப் போகும் தாய்க்கான அடிப்படை மானியம் மாதம் 300 வெள்ளி, வேலையில் இல்லாத தாய்க்கு அது 150 வெள்ளி. சம்பளம் ஒன்று குறைவதை மட்டும் பார்த்துவிட்டு இந்தச் சின்னச் சின்னக் குறைவுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், “முழுநேர வேலை அல்லது ராஜினாமா” என்று இரண்டே வழிதான் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இடையில் நிறைய வழி இருக்கிறது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு தொடர்பாக அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் என முத்தரப்பும் வகுத்த வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த எந்த ஊழியரும் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். என்ன ஏற்பாடு, வாரத்தில் எத்தனை நாள், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தெளிவாக எழுதுங்கள். இரண்டு மாதத்துக்குள் நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் வேலை சார்ந்த நியாயமான காரணம் சொல்ல வேண்டும். இது கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஆனாலும் 13 ஆண்டு வேலை பார்த்த ஒருவர், பிஎஸ்எல்இ முடியும் வரை வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, அல்லது சீக்கிரம் வந்து சீக்கிரம் கிளம்பும் நேரம் என்று கேட்டால், மேலாளர் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சம்பளமில்லா விடுப்பும் கேட்டுப் பார்க்கலாம், அது நிறுவனத்தின் விருப்பம்.

சிங்கப்பூர்க் குடிமகனான மகனுக்கு ஏழு வயது ஆகும் வரை உங்களுக்கும் கணவருக்கும் தலா ஆண்டுக்கு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அடுத்த ஆண்டு முழுக்க அது உங்கள் இருவருக்கும் இருக்கும். கணவர் அதை இதுவரை எடுத்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்வு வாரங்களில் அந்த நாள்களை அவர் எடுக்கட்டும்.

ராஜினாமா கடிதத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. விண்ணப்பத்தின் பதில் வரும் வரை அது மேசைக்குள் இருக்கட்டும். கொடுத்த ராஜினாமாவைத் திரும்ப வாங்குவது கடினம், இரண்டு மாதம் கழித்துக் கொடுப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.

வீடு மாறுவது

இதில் நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அடிப்படையே தவறு. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் முன்னுரிமை தருவது தொடக்கநிலை 1 பதிவில்தான். உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் முதலில் பிஎஸ்எல்இ மொத்தம் பார்க்கப்படும். ஒரே மொத்தம் உள்ளவர்கள் கடைசி இடத்துக்குப் போட்டியிட்டால் குடியுரிமை, பிறகு எத்தனையாவது விருப்பமாக அந்தப் பள்ளியைப் போட்டார்கள் என்பது, அதன் பிறகு கணினிக் குலுக்கல். பீஷானில் குடியிருப்பதால் பீஷான் பள்ளியில் மகளுக்கு ஓர் அங்குலம்கூட முன்னுரிமை கிடைக்காது. பயண நேரம் குறையும், அவ்வளவுதான். அதுவும் அந்தப் பள்ளி கிடைத்தால்.

ஏஜண்ட் மகனைக் காரணம் காட்டினால் அதற்கும் பதில் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஜூலையில் மகனின் தொடக்கநிலை 1 பதிவு வரும். அப்போது மகள் தொடக்கநிலை 6ல் அதே பள்ளியில் படித்துக்கொண்டிருப்பாள். அக்கா படிக்கும் பள்ளியில் தம்பிக்கு முதற்கட்டத்திலேயே இடம் உறுதி. இதை நீங்கள் கவனித்திருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. மகளின் பள்ளியை மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த வாய்ப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேறு பள்ளிக்காகத் தூரத்தின் அடிப்படையில் பதிவு செய்தால் அந்த முகவரியில் 30 மாதம் பிள்ளை குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டிய அவசரம் ஏஜண்டுக்கு இருக்கலாம், உங்களுக்கு இல்லை. விற்க விரும்பும் உரிமையாளர் விருப்பத்தைப் பதிவு செய்த பிறகு ஏழு நாள் கழித்துத்தான் வாங்குபவருக்கு விற்பனை ஆப்ஷன் என்ற ஒப்புதல் பத்திரம் கொடுக்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அனுமதிக்கிறது. “இப்போது விற்கவில்லை, நன்றி” என்று ஒரு வாட்ஸ்அப் போதும்.

“நீ எது முடிவெடுத்தாலும் சரி”

கணவரின் இந்த வார்த்தை கேட்க ஆதரவு போல இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, அது முழுப் பொறுப்பையும் உங்கள் தலையில் வைத்துவிட்டு நகர்வதாகவே எனக்குப் படுகிறது. முடிவு நன்றாக வந்தால் பெருமை குடும்பத்துக்கு, சரியாக வராவிட்டால் பழி உங்களுக்கு என்று ஆகிவிடும். அவர் வேண்டுமென்றே செய்வதாக நினைக்கவில்லை. ஷிப்ட் வேலையின் களைப்பு இருக்கும், பள்ளி விஷயம் அம்மா விஷயம் என்று நம் வீடுகளில் பழகிய பழக்கமும் இருக்கும். அதனால் “என்ன செய்யலாம்?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். குறிப்பாகக் கேளுங்கள். “வகுப்பாசிரியரைப் பார்க்கப் போறேன், நீங்களும் வரணும்.” “புதன்கிழமை ராத்திரி பிள்ளைய ஒன்பதரைக்குத் தூங்க வைக்கிறது உங்க பொறுப்பு.” அண்ணன் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்ற பேச்சு தீபாவளிக் கூடலில் வந்தபோது மகள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணனிடம் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்ல வேண்டியவரும் உங்கள் கணவர்தான். நீங்கள் சொன்னால் சண்டையாகும், தம்பி சொன்னால் கேட்டுக்கொள்வார்.

மகளிடம் இதுவரை யாரும் எதையும் கேட்கவில்லை என்பதும் கடிதத்தில் தெரிகிறது. வீடு, வேலை போன்றவற்றை 11 வயதுப் பிள்ளை முன்னால் போட்டுக் கருத்துக் கேட்கக் கூடாது, அந்தப் பாரம் அவளுக்கு வேண்டாம். ஆனால் அவளுடைய வாரம் அவளுடையது. “ரெண்டு டியூஷன்ல ஒண்ண நிறுத்தலாம்னு இருக்கோம், எது உனக்குப் புரியுது?” என்று கேளுங்கள். இரண்டாவதை நிறுத்துங்கள் என்பதுதான் என் யோசனை. அவள் முதலாவதை நிறுத்தச் சொன்னால் அதையும் கேளுங்கள், காரணம் இருக்கும்.

இந்த விடுமுறையில் தொடங்க வேண்டியவை

நான் சொல்லும் வரிசை இது. மகளோடு அந்தப் பேச்சு முதலில். பிறகு பள்ளி விடுமுறைக்கு மூடுவதற்குள் வகுப்பாசிரியர், கணித ஆசிரியர், பள்ளி ஆலோசகர் மூவரிடமும் நேரம் கேளுங்கள். கணித ஆசிரியரிடம் “எப்படி மார்க் ஏத்துறது?” என்று கேட்பதைவிட, தேர்வுத்தாளை எடுத்து வைத்து எந்த வகைக் கேள்விகளில் மதிப்பெண் போனது என்று பார்க்கச் சொல்லுங்கள். பெருக்கல், வகுத்தல் சரியாகச் செய்கிறாள், பெரிய பிராப்ளம் சம் வந்தால் கை நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னம், விகிதம், விழுக்காடு எல்லாம் கனமாவது இந்த வயதில்தான், பல பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். எது இடறுகிறது என்று தெரிந்தால் வாரம் ஒரு டியூஷனே போதுமானதாக இருக்கலாம். கட்டணம் சுமையாக இருந்தால் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளைப் பற்றி விசாரியுங்கள். படிப்பதிலோ கவனத்திலோ வேறு சிரமம் இருக்கக்கூடும் என்று ஆசிரியர் சொன்னால் மதிப்பீட்டை ஒத்திப்போடாதீர்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

டிசம்பரில் இரண்டு வாரமாவது கணிதம் வேண்டாம். தூக்கம் சரியாகட்டும். டியூஷன் இல்லாத அந்த வாரங்களில் வயிற்றுவலி நின்றுவிட்டால் உங்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிடும். நிற்காவிட்டால் பலதுறை மருந்தகத்துக்கு மீண்டும் அழைத்துப் போங்கள், மனப் பதற்றம் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜனவரியில் வேலை ஏற்பாட்டுக்கான விண்ணப்பத்தைக் கொடுங்கள். மார்ச் விடுமுறையில் நீங்களும் கணவரும் உட்கார்ந்து, மகளின் தூக்கம், வயிற்றுவலி, அவள் முகம், கணிதம் என்று இதே வரிசையில் பாருங்கள். அப்போதும் நீங்கள் வீட்டில் இருப்பது அவசியம் என்று இருவருக்கும் தோன்றினால், குறைந்தது ஆறு மாதத் தவணைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள். அப்போது எடுக்கும் முடிவு பயத்தில் எடுத்ததாக இருக்காது.

அடுத்த ஆண்டு நவம்பர் இறுதியில் பிஎஸ்எல்இ முடிவு வந்ததும் ஆறு பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு பள்ளியும் முந்தைய ஆண்டு எந்த மொத்தம் வரை எடுத்தது என்பது அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டர் பக்கத்தில் இருக்கும். எட்டக்கூடியவை, சற்று மேலே உள்ளவை, உறுதியாகக் கிடைப்பவை என்று கலந்து போடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு ஓரிரு பள்ளிகளின் திறந்தநாளுக்குப் போய் வாருங்கள், அவளுக்குப் பிடித்ததை அவளே சொல்லட்டும். ஒரு விஷயத்தை மறக்காமல் கேளுங்கள்: அந்தப் பள்ளியிலேயே தமிழ் வகுப்பு இருக்கிறதா? இல்லாத பள்ளிகளின் மாணவர்கள் பள்ளி முடிந்து உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்துக்குப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். நல்ல ஆசிரியர்கள் இருக்கும் இடம்தான். ஆனால் வாரத்தில் சில நாள் கூடுதல் பயணம், அதை அவள் விரும்புகிறாளா என்று அவளிடம் கேட்டுவிட்டுப் பட்டியலை நிரப்புங்கள்.